145.800-இல் வந்த சுடுதண்ணி

"பன்னெண்டாம் ரூமுக்கு சுடுதண்ணி போகலையாம், மோட்டார் ரூம்ல யாரு இருக்கீங்க?"

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டில், சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, நானும் அண்ணன் மகனும் ஆன்டெனாவை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது கையடக்க ரேடியோ செட்டில் கேட்டது இதுதான். நாங்கள் காத்திருந்ததோ சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு.

சில நாட்களில் அந்த நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புவார்கள். படம் ஒலியாகத்தான் வரும். யாரோ பழைய விசிலை ஊதிப் பார்ப்பதுபோல் இருக்கும். செல்போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் ஆப் அதை வரிவரியாகப் படமாக்கிவிடும். ஒரு படத்துக்கு சுமார் 2 நிமிடம். நிலையம் ஒரு பக்க அடிவானத்தில் ஏறி மறுபக்கம் இறங்க மொத்தமே 10 நிமிடம்தான். பையன் ஒரு வாரமாக இதற்காகக் காத்திருந்தான். பள்ளிக்கூட நண்பர்களிடமும் சொல்லி வைத்துவிட்டான்.

படத்தின் மேல்பாதி அழகாக வந்தது. நடுவில் சுடுதண்ணி. அப்புறம் மோட்டார் ரூமிலிருந்து பதில். அப்புறம் யாரோ சிரித்தார்கள். கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் புழுதி.

எஃப்எம்மில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் வந்தால் இரண்டு குரலும் கலந்து கேட்காது. பலமான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். நிலையம் தலைக்கு நேர் மேலே வந்தாலும் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுடுதண்ணிக்காரர் நாலைந்து கிலோமீட்டரில். போட்டியே இல்லை.

என் கையில் செட் இருந்தது, என்னிடம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் இருந்தது, கட்டைவிரல் பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பட்டன் மேல்தான் இருந்தது. "ஹலோ, இது யாருங்க, இங்க பேசக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. சொல்லவில்லை. 145.800 விண்ணிலிருந்து இறங்கும் அலைவரிசை; அங்கே தரையிலிருந்து யார் பேசினாலும் இடைஞ்சல்தான், உரிமம் இருப்பவன் பேசினாலும். தவிர, உரிமம் இல்லாத நிலையத்தோடு ஹாம் பேசுவதே விதிப்படி தவறு. இதெல்லாம் எனக்குத் தேர்வில் வந்த கேள்விகள். ஆனாலும் அந்தக் கட்டைவிரலை எடுக்கக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சந்தேகப்பட்டது என் செட்டைத்தான். மலிவான கையடக்கச் செட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு: பக்கத்தில் பலமான கோபுரம் ஏதாவது இருந்தால் மிரண்டுபோய், எங்கோ பேசுவதை இங்கே பேசுவதாகக் காட்டும். மலைமேல் கோபுரங்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பொய்க் குரலைத் துரத்திக்கொண்டு மூன்று நாள் அலைந்த நண்பர் ஒருவர் உண்டு. அதனால் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வேறு தயாரிப்புச் செட் இரண்டை வைத்துக் கேட்டேன். இரண்டிலும் மெலிதாக அதே குரல்கள், அதே 145.800. ஆன்டெனாவைக் கழற்றினால் இரண்டிலும் போய்விட்டது. அப்படியானால் குரல் நிஜம். அஸ்தம்பட்டி வரை கேட்கிறது என்றால் ஆள் இருப்பது சேலத்தைப் பார்த்த சரிவில்.

நாலு நாள் வெறுமனே கேட்டேன். ஒரு நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை, எத்தனை குரல், என்ன விஷயம் என்று மட்டும் எழுதிக்கொண்டேன். இந்தச் சலிப்பான வேலையில்தான் பாதித் துப்பு கிடைக்கும். காலை ஆறரைக்குக் காபி, பத்தரைக்கு ரூம் காலி, மதியம் பார்க்கிங் நெரிசல், இரவு கேம்ப் ஃபயர். வேறு என்னவாக இருக்க முடியும், ஒரு ரிசார்ட்தான். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் பொழுதுபோக்கவில்லை. பாவம், வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். (நமக்கென்று வராத பேச்சை ரேடியோவில் கேட்டால் வெளியே சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே ரூம் நம்பரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

அடுத்தது திசை பார்க்க ஓர் ஆன்டெனா. கடையில் வாங்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் ஓர் அங்குல அகல இரும்பு அளவு டேப் ஒன்று, அரை அங்குல பிவிசி பைப், டி, கிராஸ் இணைப்புகள், ஹோஸ் கிளிப் ஆறு. டேப்பை வெட்டி மூன்று கம்பிகள்: பின்னால் 105 சென்டிமீட்டர், நடுவில் 45-45 ஆக இரண்டு துண்டு, முன்னால் 89. பின்கம்பிக்கும் நடுக்கம்பிக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர், நடுவுக்கும் முன்னுக்கும் 32. நடுத்துண்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அங்கேதான் கேபிள் சேரும், குறுக்கே சுமார் 13 சென்டிமீட்டர் கம்பியைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்துப் பற்றவைக்க வேண்டும். டேப்பின் மஞ்சள் பெயின்ட்டை நன்றாகச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. நான் சுரண்டாமல் வைத்து, ஒரு மணி நேரம் பற்றவைக்கும் இரும்பைத் திட்டினேன். வெட்டிய முனைகள் பிளேடு மாதிரி இருக்கும், இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். இரும்பு டேப்பில் செய்வதன் அழகு என்னவென்றால் கார் கதவில் இடித்தாலும், பஸ்ஸில் கூட்டத்தில் மாட்டினாலும் மடங்கி மறுபடி நிமிர்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து முதல் திசை: தென்மேற்கு. ஏற்காடு ஏரி இருக்கும் பக்கம். இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். எல்லாரும் சத்தம் எங்கே கூடுகிறது என்று தேடுவார்கள். முன்பக்கம் பரந்து கேட்பதால் நாற்பது டிகிரிக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆன்டெனாவின் முதுகைத் திருப்பி எங்கே குரல் செத்துப்போகிறது என்று பார்த்தால் கணக்கு சுத்தமாக வரும். குறைவதைக் காது நன்றாகவே பிடிக்கும்.

இரண்டாவது திசை எடுக்க லேடீஸ் சீட்டுக்குப் போனோம். அங்கே பெரிய குழப்பம். ஆன்டெனா வடமேற்கில் மொட்டைப் பாறை ஒன்றைக் காட்டியது. அங்கே வீடும் இல்லை, ரோடும் இல்லை. பையன் நம்பிவிட்டான், "குகைக்குள்ள இருக்காங்களோ?" என்றான். பாறையில் பட்டு எதிரொலித்து வந்த சிக்னல் அது. மலையில் ஒரே இடத்தில் நின்று எடுத்த திசையை நம்பவே கூடாது. இருபது முப்பது அடி தள்ளித் தள்ளி நின்று நாலு முறை எடுத்தோம். பாறை ஒவ்வொரு தடவையும் இடம் மாறியது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிய திசை, மேட்டில் எடுத்த கோட்டோடு வரைபடத்தில் வெட்டிக்கொண்டது. ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தோம்.

கிட்டே போனதும் வேறு பிரச்சினை: எந்தப் பக்கம் திருப்பினாலும் சிக்னல் முள் முழுசாக நிற்கிறது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினால் உடம்பு மறைக்கும் பக்கம் குரல் மங்கும். ஆள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார் என்று அர்த்தம். அதையும் தாண்டி ஒரு வித்தை. செட்டை 437.4-க்கு மாற்றினேன், 145.8-இன் மும்மடங்கு. மலிவுச் செட்டுகள் தாம் பேசும் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். கசிவு தூரம் போகாது. 437.4-இல் குரல் பலமாகக் கேட்டால் நீங்கள் ஏறக்குறைய அவர் வாசலில் நிற்கிறீர்கள். சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடியும் தாண்டி ஒரு கேட். கேட்டில் காவலர். அவர் இடுப்பில் செட், அதில் 437.4-இல் எனக்குக் கேட்ட அதே குரல்.

உள்ளே போவதற்கு முன் ஒரு நண்பருக்கு போன் செய்தேன். அவரும் ஹாம்தான், கொஞ்சம் கோபக்காரர். "கேரியரப் போட்டு அமுக்கிவிடுங்க சார், ரெண்டு நாள்ல ஓடிடுவாங்க" என்றார். அதாவது, பேசாமல் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்து அவர்கள் பேச்சை மூழ்கடிப்பது. இது பலருக்கும் தோன்றும் வழிதான். ஆனால் வேண்டுமென்றே அமுக்குவது அவர்கள் செய்வதைவிடப் பெரிய குற்றம். அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2011-இல் எனக்கு ஒரு பழைய கையடக்கச் செட் கிடைத்தது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், உரிமம் வரவில்லை. கேட்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி, அலைவரிசை காலியாக இருந்தபோது, நானாக ஒரு கால் சைன் (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறி) ஜோடித்து பட்டனை அழுத்திக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ஒரு வயசான குரல்: "தம்பி, அந்தக் கால் சைன் என் நண்பரோடது. அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க நெசப் பேரு சொல்ல வேணாம், பதிலும் வேணாம். ஞாயித்துக்கிழமை சூரமங்கலம் ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்கு வாங்க."

போனேன், செமத்தியாகத் திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே. அவர் தின்பதற்கு எங்கள் ஊர்த் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, மூன்று மணி நேரம் ஆன்டெனா பற்றிப் பேசினார். விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸையும் கொடுத்தார். 2012-இல் தேர்வு எழுதினேன். இந்தியாவில் 12 வயது நிரம்பியவர் யாரும் எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட நிலை என்ற அடிப்படை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு கூட வேண்டாம். ரேடியோவின் அடிப்படையும் விதிகளும் தெரிந்தால் போதும். சாக்குச் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை.

அதனால் ரிசார்ட் மேனேஜரைப் பார்த்தபோது ஆன்டெனாவைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனேன். துப்பாக்கி மாதிரி ஒரு சாமானோடு போய் நின்றால் பேச்சு எப்படித் தொடங்கும்? பையனை மட்டும் கூட்டிக்கொண்டேன். செல்போனில் பாதி வந்த அந்தப் படம்.

"வாங்க சார், ரூம் பாக்கறீங்களா?" என்றார்.

"இல்லைங்க. இந்தப் படத்தப் பாருங்க. பாதிதான் இருக்கு. மீதி உங்க சுடுதண்ணி" என்று சொல்லி, நோட்டைக் காட்டினேன். அவர் முதலில் பயந்துவிட்டார். போலீஸா, கவர்மென்ட்டா என்று இரண்டு முறை கேட்டார். ரெண்டும் இல்லை, உங்களை மாதிரி ஒரு சேலத்துக்காரன்தான் என்றேன்.

விஷயம் சாதாரணம். எட்டு செட் ஒரு கடையில் மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள். பில்லும் உண்டு. கடைக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டி ஏதோ ஞாபகத்தில் நிற்கும் எண்ணாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்து, "இது ஃப்ரீ சேனல் சார், தூரம் நல்லா போகும்" என்று சொல்லியிருக்கிறார். தூரம் நல்லாத்தான் போனது, அஸ்தம்பட்டி வரைக்கும்.

உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட செட்டைப் பேசப் பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராபி சட்டத்திலிருந்து இருக்கிறது என்றதும் அவர் முகம் மாறிப்போனது. "பில்லோட வாங்கினதுங்க சார், கடையில வெளிப்படையா அடுக்கி வெச்சு விக்கறாங்க, அதெப்படி குத்தமாகும்?" என்றார். நியாயமான கேள்வி. 2025 மே மாதக் கடைசியில்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது: எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாமல் வாக்கி டாக்கி விற்கக்கூடாது என்று. அதற்கு முன் வாங்கியவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

"சரி சார், செல்போன் காலத்துல இந்த ரேடியோ உங்களுக்கு எதுக்கு?" இதையும் கேட்டார். 2004 சுனாமியின்போது அந்தமானில் ஹாம் குழு ஒன்று வேறு வேலையாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. மற்ற தொடர்புகள் அறுந்துபோன அந்த நேரத்தில் செய்தி அனுப்பியது அவர்கள்தான் என்று சொன்னேன். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார்: "2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சப்ப எங்க போன்ல சிக்னலே இல்லைங்க. இந்த வாக்கி டாக்கிலதான் கெஸ்டுகளப் பாத்துக்கிட்டோம்." அந்த மழையில் அதே செட்டுகள் அவருக்கு உதவியிருக்கின்றன. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ரிசார்ட்டின் பெயரில் தனி அலைவரிசை ஒதுக்கீடு கேட்டு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, முறையாக வைத்துக்கொள்வது. இன்னொன்று 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் 2018 முதல் உரிமம் தேவைப்படாமல் திறந்துவிட்டிருக்கும் பகுதி. "அப்ப இதே செட்ல 446-னு மாத்திப் போட்டுக்கறேன்" என்றார் உடனே. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விலக்கு எண்ணுக்கு மட்டும் இல்லை. அதற்கென்றே அனுமதி பெற்ற, சக்தி குறைந்த செட்டுக்கும் சேர்த்துத்தான். பழைய செட்டில் அந்த எண்ணைப் போடுவது, டிக்கெட் இல்லாமல் சரியான ரயிலில் ஏறுவது மாதிரி.

மூன்று வாரத்தில் 446 செட்டுகள் வாங்கினார்கள். சரிவுக்குக் கீழே இருக்கும் பம்ப் அறை வரை அவை எட்டவில்லை. நடுவில் பாறை. அங்கே இன்னமும் ஒரு பையன்தான் ஓடிப்போய்ச் சொல்கிறான். மேனேஜர் அதற்காக என்மேல் கொஞ்சம் வருத்தத்தில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். தனி ஒதுக்கீட்டுக்கு எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாக் குரலையும் இப்படித் துரத்துவதில்லை. சில விடியற்காலைகளில் கோயில் மேட்டில் நிற்கும்போது, 145.800-உம் அடங்கிய 2 மீட்டர் ஹாம் அலைவரிசையில் மீனவர்கள் பேசுவது கேட்கும். வலை, காற்று, எந்தப் பக்கம் மீன் என்று. சேலத்தில் கடல் ஏது என்று கேட்கலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். 1,600 மீட்டருக்கு சுமார் 165. கிழக்குக் கடற்கரை அதற்குச் சற்றுத் தள்ளித்தான். குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று போர்வையாகப் படுத்திருக்கும் காலையில் அந்த மிச்சத் தூரத்தையும் அலை வளைந்து கடந்துவிடும். கடலுக்கென்று 156.8 மெகாஹெர்ட்ஸில் 16-ஆம் சேனலும் அதைச் சுற்றி மற்றவையும் இருக்கின்றன. அங்கே பேச வேண்டியவர்கள் இங்கே பேசுகிறார்கள். விதிப்படி இதுவும் அதே தவறுதான். ஆனால் படகில் இருப்பவர் கையில் இருக்கும் ஒரே உயிர்க்கயிறு அந்தச் செட். மலைமேல் நின்றுகொண்டு நான் அவர்களைக் குற்றம் சொல்லப் போவதில்லை. முறையான கடல் செட்டை அவர்கள் கையில் சேர்க்க வேண்டியது வேறு ஆட்களின் வேலை.

பேசித் தீராதவையும் உண்டு. ஒருமுறை எங்கள் ரிப்பீட்டரில் (வரும் பேச்சை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து பாட்டுப் போடுவார். சிலர், குறிப்பிட்ட ஒலியோடு வரும் பேச்சுக்கு மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் டோன் வைத்துக்கொண்டு, "எனக்குக் கேக்கல, பிரச்சினை போச்சு" என்றார்கள். டோன் உங்கள் ஸ்பீக்கரைத்தான் மூடும், இடைஞ்சலை இல்லை. அந்த நேரத்தில் யாராவது அவசரமாகக் கூப்பிட்டால் அவர் குரலும் பாட்டுக்கு அடியில்தான். அவருக்கு யாரும் பதிலே சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். திட்டுவதும் இல்லை, கேலியும் இல்லை. பதில் வந்தால் அதுதான் அவருக்குப் பாட்டைவிட ருசி. தேதி, நேரம், ஒலிப்பதிவு, நாலு வீட்டு மாடியிலிருந்து எடுத்த திசை, எல்லாம் சேர்த்து தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கு அனுப்பினோம். "தினமும் தொல்லை" என்று எழுதுவதைவிட "இன்ன தேதி, 22.14 முதல் 22.31 வரை" என்று எழுதுவதற்குத்தான் மதிப்பு. கொஞ்ச நாளில் பாட்டு நின்றது. அதிகாரிகள் வந்தார்களா, அவருக்கே அலுத்துவிட்டதா, எங்களுக்குத் தெரியாது.

விண்வெளி நிலையம் மறுபடி படம் அனுப்பிய நாளில் பையன் கேட்காமலே நான் காரை எடுத்தேன். அதே மேடு. சாயங்காலம் மேகம் இறங்கியிருந்தது, கோயில் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. காரை ஓரமாக நிறுத்தி, பக்கத்திலேயே நின்று பிடித்தோம். 145.800 சுத்தமாக இருந்தது, சுடுதண்ணி இல்லை. மேலிருந்து வரிவரியாக நீலம், அப்புறம் யாரோ ஒருவரின் முகம். அப்புறம் படம் முழுக்கச் சாய்வாக மெல்லிய கோடுகள், தறியில் பாவு அறுந்த மாதிரி.

நான் உடனே இன்னொரு செட்டில் டேப் ஆன்டெனாவை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இரைச்சல். ஆன்டெனாவைக் கழற்றினேன், இன்னும் இருக்கிறது. செட்டை மார்போடு அணைத்துச் சுற்றினேன். காருக்கு முதுகு காட்டினால் குறைந்தது.

பையன் கார் கதவைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே நான் போன மாதம் மாட்டிய கேமராவின் சார்ஜரைப் பிடுங்கினான். கோடுகள் நின்றன. கடைசி 20 வரி பளிச்சென்று வந்தது.

"சித்தப்பா, இத யாருகிட்ட பேசிப் பாக்கணும்?" என்றான்.